ஒரே ஒரு சுளை

மேடைக்குப் பக்கத்து பெஞ்சில், அடுத்துக் கதை சொல்லவேண்டிய பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பெபிஷா பக்கத்துச் சிறுமியின் காதில் எதையோ சொல்லிக்கொண்டே இருந்தாள்.

அவளுடைய அம்மா ஜெஸ்பின் பின்வரிசையிலிருந்து எழுந்து வந்தாள்.

"ஏட்டி, மிண்டாம இரி. தொண்ட போவும்."

பெபிஷா வாயை மூடிக்கொண்டாள். அம்மா திரும்பி நடந்ததும் மறுபடி அந்தக் காதின் பக்கம் சாய்ந்தாள்.

மார்த்தாண்டத்தை அடுத்த ஒரு சபையின் மண்டபத்தில், சுற்றுவட்டார ஞாயிறு பள்ளிகளுக்கான கதைப் போட்டி நடந்துகொண்டிருந்தது. பிறரிடம் அன்பு காட்டும் கதை சொல்ல வேண்டும். காலையிலிருந்து முயல்களும் யானைகளும் எறும்புகளும் ஒன்றையொன்று காப்பாற்றிக் களைத்திருந்தன.

போன வருடம் பெபிஷாவுக்கு இரண்டாம் பரிசுதான். எல்லாரும் கேட்ட கதை என்று நடுவர் சொல்லிவிட்டார்.

ஆகவே இந்த முறை ஜெஸ்பின் தானே ஒரு கதை எழுதினாள். ஊருக்குள் யாரும் கேட்டிராத கதை. மழையில் ஒதுங்க இடமில்லாத ஒரு காக்கை. பொந்துக்குள் ஒரே ஒரு பலாச்சுளையை மிச்சம் வைத்திருக்கும் ஓர் அணில். மீன் கழுவும்போதும், பள்ளி வேனுக்குக் காத்து நிற்கும்போதும், மகளுக்கு அதைச் சொல்லிக் கொடுத்தாள். முதல் பரிசு வாங்காமல் வீட்டுக்குப் போவதில்லை என்று கணவனிடம் போனில் சொல்லியும் இருந்தாள். அவன் துபாயிலிருந்து சிரித்தான்.

"அடுத்து, சுஜி."

பெபிஷாவின் பக்கத்தில் இருந்த சிறுமி எழுந்தாள். குலசேகரம் பக்கத்திலிருந்து வந்தவள். போட்டிக்கு ஒரு பிள்ளை குறைகிறதென்று அவளுடைய டீச்சர் காலையில்தான் வீட்டிலிருந்து கையோடு அழைத்து வந்திருந்தார். கவுனின் ஓரத்தில் ரப்பர் பால் உலர்ந்து கருத்திருந்தது.

"ஒரு காட்டுல ஒரு அண்ணான் இருந்துச்சு," என்று தொடங்கினாள்.

அணிலை வீட்டில் சொல்வதுபோலவே அவள் சொன்னதைக் கேட்டு மண்டபம் சிரித்தது. சுஜியும் சிரித்துவிட்டுத் தொடர்ந்தாள். காக்கை நடுங்கியபோது அவளும் நடுங்கினாள். முன்வரிசைப் பிள்ளைகள் எழுந்து நின்று பார்த்தார்கள்.

ஜெஸ்பினும் ரசித்துத்தான் கேட்டாள், பொந்து வரும்வரைக்கும். பொந்துக்குள்ளே ஒரே ஒரு சக்கச்சுளை இருந்தது.

சுஜி இரண்டு கைகளையும் குவித்து அந்தச் சுளையை எடுத்தாள்.

"சார், நிறுத்துங்க! இது நான் எழுதுன கதையாக்கும்!"

ஜெஸ்பின் எழுந்து நின்றிருந்தாள்.

"கதைக்குமா பட்டா வச்சிருக்கிய?" என்று பின்னாலிருந்து ஒரு பெண் கேட்டாள். நாலைந்து பேர் சிரித்தார்கள். ஜெஸ்பின் உட்காரவில்லை. தன் கையால் எழுதிய கதை, காக்கையும் பொந்தும் சுளையும் அப்படியே இருக்கிறது, எங்கோ கேட்டுத் திருடியிருக்கிறார்கள் என்று உரக்கச் சொன்னாள்.

நடுவர் ஜெபசீலன் மணியை அடித்தார்.

"இந்தக் கதைய ஆரு சொல்லித் தந்தா மக்கா?"

சுஜி பெஞ்சைப் பார்த்தாள். பிறகு தன் காலைப் பார்த்தாள்.

போட்டியில் அவளைச் சேர்க்க முடியாது என்று நடுவர் அறிவித்தார். சுஜி படியிறங்கி வந்தாள். குவித்த கைகளைப் பிரிக்க மறந்திருந்தாள்.

"அடுத்து, பெபிஷா."

ஜெஸ்பின் நாற்காலியின் நுனிக்கு வந்தாள். மகள் எங்கே தடுமாறினாலும் பார்த்துக்கொள்ள வசதியாக, ஒவ்வொரு வரியையும் சத்தமில்லாமல் உதட்டால் சொல்வதென்று ஏற்பாடு.

பெபிஷா மேடையேறி வணக்கம் வைத்தாள். பெயரைச் சொன்னாள். பிறகு சும்மா நின்றாள்.

ஜெஸ்பினின் உதடுகள் முதல் வரியைச் சொல்லின. இன்னொரு முறை, கொஞ்சம் பெரிதாகச் சொல்லின.

"பயப்படாத மோளே, கதையச் சொல்லு," என்றார் நடுவர்.

"எங்கிட்ட இப்ப கதை இல்ல சார். அண்ணான் கதைய நான் சுஜிக்குக் குடுத்தாச்சு."

அணில், என்று ஜெஸ்பினின் உதடுகள் தாமாகத் திருத்தின. வீட்டில் எத்தனையோ முறை திருத்திய சொல்.

"அவளுக்கு ஒரு கதையும் இல்லேண்ணு அழுதா சார். எங்கிட்ட ஒண்ணுதான் இருந்துச்சு."