கடலின் தாய் தொடுத்த வழக்கு

கடல் ஓர் உயிர். அதற்குத் தீங்கு செய்பவன் குற்றவாளி. சட்டம் அவ்வாறு சொல்லிவிட்டது. கடற்கரை ஊர்தோறும் அந்த உயிருக்கு ஒரு தாயையும் நியமித்தது. மணல்துறையில் அந்தத் தாய் அமலோற்பவம்.

ஞாயிறன்று அவ்வூர் மீனவர் எவரும் கடலில் இறங்குவதில்லை. கடவுளுக்கென்று ஒதுக்கிய அந்த நாளையே அனல்மின் நிலையம் தன் கயமைக்கென்று தேர்ந்தெடுத்தது. ஆளில்லாக் கடலில் கொதிநீரைத் திறந்துவிட்டது. பூசை முடிந்து கரைக்கு வந்த அமலோற்பவம், பவளப்பாறைகள் வெளுத்துக் கிடப்பதைக் கண்டாள். மறுநாளே வழக்குத் தொடுத்தாள்.

மதகைத் திறந்த கை எவருடையதோ அவரே முதல் எதிரி என்பது சட்டம். அந்தக் கை, நிலையத்தில் வேலை பார்த்த அவள் கணவன் கிராசியானுடையது.

நீதிமன்ற வாசலில் அவன் சிரிக்க முயன்றான். "ஏட்டி, கடலுக்கு நீ அம்மைன்னா நான் அப்பன்லா? அப்பன் மேலயா கேசு?"

"பிள்ளை மேல வெந்நிய ஊத்துனா அப்பன் மேலதான் கேசு."

"நான் ஜெயிலுக்குப் போனா?"

"சோறு கொண்டாந்து தாரேன். கேச மட்டும் வாபஸ் வாங்க மாட்டேன்."

உள்ளே நிறுவனத்தின் வழக்கறிஞர் எழுந்தார். நிறுவனம் குற்றமற்றது என்றார். மதகு திறந்தது ஓர் ஊழியனின் கவனக்குறைவு என்றார்.

கூண்டில் நின்ற கிராசியான் மனைவியை ஒருமுறை பார்த்தான், பிறகு நிமிர்ந்தான்.

"ஐயா, திறந்தது நான்தான். மறைக்கல. ஞாயித்துக்கிழமை பாத்துத் திறன்னு சொன்ன மேனேஜரு அந்தா வக்கீலுக்குப் பின்னால உக்காந்திருக்காரு. அவரையும் ஏத்துங்க."

சொல்லிவிட்டு, இன்னோர் ஆள் நிற்க இடம்விட்டுக் கூண்டின் ஓரமாக நகர்ந்து நின்றான்.