கடிகாரம் நிலையில்லை

"கடிகாரமே சரியில்லைன்னா, சாதனை எப்படிங்க சாதனையாகும்?"

நடுவர் இப்படிக் கேட்டதும் தையல்காரர் பதறிப்போனார். நேற்று மாலை நானூறு மீட்டர் ஓட்டத்தில் அவருடைய மகள் பத்தொன்பது வருடச் சாதனையை முறியடித்திருந்தாள். வித்தியாசம், ஒரு நொடியில் நூறில் இரண்டு பங்கு. ஒருவர் விடாமல் சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டுப் பெருமையடித்ததில் அவருக்குத் தொண்டையே கட்டிவிட்டது. காலையில் வந்து பார்த்தால், இரண்டாவதாக வந்த பெண்ணின் பயிற்சியாளர் ஆட்சேபனை எழுதிக் கொடுத்திருக்கிறார்.

ஓட்ட நேரத்தைப் பதிவு செய்யும் கம்ப்யூட்டரில் 'கடிகாரம் நிலையில்லை' என்று ஓர் எச்சரிக்கை வந்திருந்ததாம். திரையைப் போட்டோ வேறு எடுத்து இணைத்திருந்தார் மனிதர்.

மைதானத்து மாடியில், ஜன்னலை ஒட்டி அந்தக் கம்ப்யூட்டர் இருந்தது. அதைப் பார்த்துக்கொள்ளும் கம்ப்யூட்டர்காரம்மா ஏற்கெனவே அதன் முன்னால் உட்கார்ந்துவிட்டார். நாற்பதைத் தாண்டியவர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் திரையை முறைத்துக்கொண்டிருந்தார்.

"நீங்க பாக்க வேணாம்னு நினைச்சா சொல்லுங்கம்மா, வேற ஆளை வரச் சொல்றேன்" என்றார் நடுவர் தயங்கியபடி.

"வேற ஆள் வர மூணு நாளாகும். அதுவரைக்கும் அந்தப் பொண்ணு நிம்மதியா தூங்குமா? நானே பாக்குறேன்."

தையல்காரருக்கு வாய் சும்மா இருக்குமா? "நல்லாப் பாருங்கம்மா. எம்பொண்ணு போட்டு ஓடுற சட்டையக்கூட நான்தான் தைச்சேன். கால் இஞ்சு பிசகியிருக்காது, அவ ஓட்டமும் அப்படித்தான். பழைய சாதனை பத்தொன்பது வருஷமா பலகையில தூங்குது. அதை ஓடினவங்க இப்ப நாலு படி ஏறினா மூச்சு வாங்குவாங்க!"

"வாங்கத்தான் செய்யும்" என்றார் கம்ப்யூட்டர்காரம்மா, திரும்பிப் பார்க்காமலே.

நடுவர் அவசரமாகத் தையல்காரரின் கையைத் தொட்டு அடக்கினார்.

"சார், நேத்து மிஷினைப் போட்டது எத்தனை மணிக்கு?"

"காலையில ஒன்பதுக்கு. இந்தப் பொண்ணோட ஓட்டம் நாலரைக்கு. அது முடிஞ்சப்புறம்தான் எச்சரிக்கையப் பாத்தோம்."

"பாத்தது அப்புறம். ஆனா வந்தது எப்ப?"

"அதுலயே நேரம் போட்டிருக்கும். ஆனா கெட்டுப்போன கடிகாரம் சொல்ற நேரத்தை எப்படிம்மா நம்புறது?" நடுவர் பெருமூச்சு விட்டார். "பேசாம 'உறுதியாச் சொல்ல முடியல'ன்னு எழுதிடுங்க. உங்களை யாரும் குத்தம் சொல்ல மாட்டாங்க. பழைய சாதனையே இருந்துட்டுப் போகட்டும்."

இதுவரை தையல்காரர் எந்தச் சட்டையையும் 'உறுதியாகச் சொல்ல முடியாது' என்று கொடுத்ததில்லை.

கம்ப்யூட்டர்காரம்மா இப்போதுதான் திரும்பினார். "சொல்ல முடியும்போது முடியலைன்னு எப்படி சார் எழுதுறது?"

பிறகு தையல்காரரை அருகில் அழைத்தார்.

"இங்க பாருங்கண்ணே. இந்த மிஷினை ஓட்டுற லினக்ஸுக்கு உள்ளுக்குள்ள ரெண்டு கடிகாரம். ஒண்ணு துருதுரு, இன்னொண்ணு நிதானம். இது பழைய மிஷின். வேலையில்லாம பிராசஸர், அதான் இதோட மூளை, கொஞ்சம் கண்ணயர்ந்தா துருதுரு தடுமாறிடும். நிதானம் அதைக் காவல் பாத்துக்கிட்டே இருக்கும். தடுமாற்றம் தெரிஞ்ச உடனே லினக்ஸ் துருதுருவை ஒதுக்கிட்டு நிதானத்துக்கு மாறிடும். மாறினதைத்தான் எச்சரிக்கையா எழுதி வைக்குது."

"அது எப்ப மாறிச்சும்மா?"

"நேரத்தை நம்ப வேணாம், வரிசையை நம்பலாமில்ல? ஒண்ணுக்குக் கீழ ஒண்ணாத்தான் எழுதும். இது மிஷினைப் போட்டது. அடுத்த வரியிலயே எச்சரிக்கை. அதுக்குக் கீழதான் நேத்து நடந்த இருபத்தாறு ஓட்டமும். கடைசி வரி உங்க பொண்ணு."

"அப்படின்னா?"

"உங்க பொண்ணு கோட்டுல வந்து நிக்கிறதுக்கு முன்னாடியே கெட்டது போயி நல்லது வந்தாச்சு."

தையல்காரர் கைகூப்பிவிட்டார். ஆனால் அந்த அம்மா விடுவதாக இல்லை. சாட்டிலைட்டிலிருந்து நேரம் வாங்கும் தனிக் கடிகாரம் ஒன்றைக் கொண்டுவந்து இணைத்து, நிதானத்தையும் அதையும் இரண்டு மணி நேரம் ஒப்பிட்டுப் பார்த்தார். ஓர் ஓட்ட நேரத்துக்குள் ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட விலகவில்லை. அப்புறம் பிராசஸர் கண்ணயரும் வசதியையே நிறுத்திவிட்டு, மிஷினைப் போட்டுப் போட்டு ஐந்து தடவை பார்த்தார். எச்சரிக்கை மூச்சுக் காட்டவில்லை. நம் பெண்ணுக்காக யாரோ ஒரு அம்மா இப்படி மல்லுக்கட்டுகிறாரே என்று தையல்காரருக்குக் கண் கலங்கிவிட்டது.

"நேரம் சரி. ஆட்சேபனை செல்லாது" என்று அறிக்கை எழுதி, உட்கார்ந்தபடியே கையெழுத்துப் போட்டார் கம்ப்யூட்டர்காரம்மா.

"எம்பொண்ணு பேரு பலகையில ஏறிடுச்சும்மா!" தையல்காரருக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. கீழே நின்ற மகளை ஜன்னல் வழியாகக் கூவி அழைத்தார்.

நடுவர் சாதனைப் படிவத்தை எடுத்து மேசைமேல் விரித்தார். அதன் அடியில் காலியாக இருந்த கோட்டைக் காட்டி, "இங்க ஒரு கையெழுத்து வேணும்" என்றார்.

பெற்றவனுக்குத்தான் போலிருக்கிறது என்று தையல்காரர் பேனாவை எடுத்தார். "உங்களுக்கு இல்லைங்க" என்று நடுவர் மெதுவாக அவர் கையை விலக்கினார்.

கம்ப்யூட்டர்காரம்மா இந்தத் தடவை எழுந்து நின்றார். கண்ணாடியைச் சரியாகப் போட்டுக்கொண்டு, அறிக்கையில் போட்ட அதே கையெழுத்தை அந்தக் கோட்டின் மேல் நிறுத்தி நிதானமாகப் போட்டார். கோட்டுக்குக் கீழே, 'இதுவரை இந்தச் சாதனைக்கு உரியவராக இருந்தவர்' என்று அச்சடித்திருந்தது.