கீழே போட்டவள்

டீக்கடை டிவியில் பளுதூக்கும் போட்டி ஓடியது. ஜெயித்தவளின் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தேன்: எஸ்தர். தலைக்கு மேல் தூக்கியவள், மணி அடித்ததும் அப்படியே கீழே போட்டாள். அதற்கும் கை தட்டினார்கள். முப்பது வருடமாக சிமெண்ட் மூட்டை சுமக்கிறேன், ஒன்றைக்கூட அப்படிப் போட்டதில்லை. போட்டால் மூட்டை கிழியும், வேலை போகும்.

அவளை முதுகில் குத்திக்கொள்ளப் போய், பச்சை குத்துகிறவனிடம், "தூக்குற மாதிரி வேணாம் தம்பி, போட்டுட்டு நிக்கிற மாதிரி குத்து," என்றேன். பிடரிக்குக் கீழே, மூட்டை உட்காரும் இடத்திலேயே கேட்டேன். எஸ்தரை மெல்லிய கோட்டிலும், காலடியில் கிடந்த பளுவை, கம்பியும் இரு முனை வட்டுமாக, அழுத்தமாகவும் குத்தினான்.

"ரெண்டு வாரம் எதுவும் உரசக்கூடாதுண்ணே."

மறுநாளே லாரி வந்தது. என் முதுகை நான் பார்க்க முடியாது. மூட்டை ஏற்றிவிடும் மரியசூசையிடம் தினமும் கேட்பேன்.

"இருக்காளாடா?"

"மூஞ்சி போச்சுண்ணே."

அப்புறம் அவள் கைகள் போயின. சிமெண்ட் பட்டுப் புண்ணாகி, பொருக்கு உதிர்ந்து, ஒருவழியாக ஆறியது.

"இப்ப?"

துண்டால் துடைத்துப் பார்த்தான். "கம்பியும் ரெண்டு வட்டும் மட்டும் அப்படியே நிக்குதுண்ணே. குனிங்க, அடுத்தது ஏத்தணும்."