மலைக்கு வர ஓர் ஆள்

"குளிரா? அதெல்லாம் ஒரு வாரந்தான் லா, பழகிரும். கிள்ளான் சூட்டுல வேகறதுக்கு இது சொர்க்கம்" என்றாள் கங்கா.

சொன்னவள் உள்ளுக்குள் இரண்டு ஸ்வெட்டர் போட்டிருந்தாள்.

எதிரில் உட்கார்ந்திருந்தவள் ஜெனட். அவள் கிள்ளான் நகரத்தில் ஓர் அரசாங்கக் கிளினிக்கில் தாதி. கங்கா இந்தத் தேயிலைத் தோட்டத்துக்குப் பக்கத்து அரசாங்கக் கிளினிக்கில் தாதி. இருவருக்கும் ஒரே பதவி. இரண்டு பேரும் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால் இடத்தை மாற்றிக்கொள்ளலாம். தாதிகளின் வாட்ஸ்அப் குழுவில் கங்காவும் பல வருடமாகக் கூவிக் கூவிப் பார்த்துவிட்டாள். மலையேறி வர ஒருத்தியும் தயாராயில்லை. வந்த ஒரே ஆள் இந்த ஜெனட்தான்.

கங்காவின் கணவன் கிள்ளானில் இருக்கிறான். ஐந்து வயது மகள் தனுஜாவும் அங்கேதான், அத்தையிடம் வளர்கிறாள். முன்பெல்லாம் போனில் "எப்பம்மா வருவே?" என்று அழுவாள். இப்போது அழுவதில்லை; "அத்தைகிட்ட குடுக்கவா?" என்று கேட்கிறாள். அதைத்தான் கங்காவால் தாங்க முடியவில்லை.

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாமென்றால், நாலு பொய் சொல்லி ஓர் இடமாற்றம் வாங்குவதில் என்ன பாவம் வந்துவிடப் போகிறது?

"சம்பளம் எங்க இருந்தாலும் அதே சம்பளம், அதே பென்சன். ஆனா அங்க வாடகை, டோல், பெட்ரோல்னு பாதி போயிரும். இங்க குவார்ட்டர்ஸ் இருக்கு. திரிங்காப் காய்கறித் தோட்டத்துல இருந்து வர்றவங்க கோபிஸ், தக்காளின்னு கொண்டாந்து குடுத்துட்டுப் போவாங்க. நான் காய் வாங்கியே நாளாச்சு."

குவார்ட்டர்ஸ் சுவரில் வழியும் ஈரத்தையும், நகரத்துக்காரர்களுக்குக் கிடைக்கும் கூடுதல் அலவன்ஸ் இங்கே குறையும் என்பதையும் அவள் சொல்லவில்லை. மாட்டை விற்க வந்தவன் அது உதைக்கும் என்றா சொல்வான்?

"ரோடு ஜாமெல்லாம் டூரிஸ்ட்டு கூடுற கியா ஃபார்ம் பக்கந்தான். மண்ணு சரியறது எப்பவாச்சும் லா."

ஜெனட் லேசாகச் சிரித்தாள். பிறகு கேட்டாள். "இங்க வயசானவங்க நெறைய வருவாங்களாக்கா?"

"சேச்சே, கொஞ்சந்தான்! வேலையே இருக்காது."

"உங்களுக்கு இந்த வேலையில திருப்தி இருந்துச்சா?"

"ஓ, நெறைய!" என்று சட்டென்று சொல்லிவிட்டாள் கங்கா. சொன்ன பிறகு என்னவோ போலிருந்தது. வந்த புதிதில் அவள் நல்ல தாதிதான். மழையில் நனைந்துகொண்டு தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகளுக்கு நடந்து போய்ப் பிள்ளைத்தாய்ச்சிகளைப் பார்த்தவள். அப்புறம் எப்போதென்று தெரியவில்லை, நோயாளியின் முகத்தைவிட நாட்காட்டியைத்தான் அதிகம் பார்க்க ஆரம்பித்தாள். இப்போது நினைத்தால் அவளுக்கே வருத்தமாக இருந்தது.

ஜெனட் ஏன் இந்த மலைக்கு வர ஆசைப்படுகிறாள் என்று கங்கா கேட்கவே இல்லை. கேட்கப் போய் மனசு மாறிவிட்டால்?

"தனியா இருக்கிற வயசானவங்க யாராச்சும்...?" ஜெனட் மறுபடியும் அங்கேயே வந்து நின்றாள்.

வேலை அதிகமாகிவிடுமோ என்று பயப்படுகிறாள் போலிருக்கிறது என்று கங்கா நினைத்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது. எப்படியும் வந்த வாரமே தெரிந்துவிடும். ஒன்றையாவது உண்மையாகச் சொல்லி வைப்போம்.

"ஒரே ஒரு தொல்லை லா. மேட்டு லயத்துல ரோஸ்மேரின்னு ஒரு கெழவி. முந்தி கொழுந்து எடுத்தது. வியாழக்கிழமையானா வந்து உட்காந்துரும். சீக்கே கிடையாது. பிரஷர் பாரு மிஸ்ஸின்னும். பாத்தா நல்லா இருக்கும். ஆனா புடிச்ச கைய விடாது. வெளிய அத்தனை பேரு காத்துக்கிட்டு இருக்கையில இது கையப் புடிச்சுக்கிட்டு சும்மா உட்காந்திருக்கும். நான் ரெண்டு பனடாலக் குடுத்து, அடுத்த ஆளக் கூப்பிட்டுருவேன். நீங்களும் அப்படியே செஞ்சிருங்க. ஏன்னு கேக்க ஆள் வராது. வீட்டுல யாரு இருக்காங்கன்னு கேட்டா, எனக்கு யாரும் இல்ல மிஸ்ஸிங்கும்."

ஜெனட் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

கூடி வந்த காரியத்தை வாயாலேயே கெடுத்தேனே என்று கங்கா தன்னையே நொந்துகொண்டாள்.

"பயப்படாதீங்க லா. நான் போறதுக்கு முன்னாடியே கண்டிச்சு சொல்லிட்டுப் போறேன், சும்மா சும்மா இங்க வரக் கூடாதுன்னு."

ஜெனட் இடமாற்றப் படிவத்தைத் தன் பக்கம் இழுத்துக் கையெழுத்துப் போட்டாள். கங்காவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"அப்படிச் சொல்லிறாதீங்கக்கா. நான் வந்து சேர எப்படியும் மாசக் கணக்காகும். அதுவரைக்கும் அவங்க வந்தா, கொஞ்ச நேரம் கையப் புடிச்சுக்க விடுங்க." கண்ணைத் துடைத்துக்கொண்டு சொல்லி முடித்தாள். "சண்டை போட்டுக்கிட்டுப் போயி, அவங்கள யாரும் இல்லாதவங்களா ஆக்கின மக நான்தாங்க்கா."