சுவரில் ஏழு பேர்

நூலகச் சுவரில் இருந்த தன்னுடைய மூக்கை மூன்றாவது தடவையாகத் திருத்திக்கொண்டிருந்தார் ஆல்வின். நிஜத்தில் அது குடமிளகாய் மாதிரி இருக்கும். தூரிகை தன் கையில் இருக்கும்போது அதை அப்படியே வரைந்துவைக்க அவர் என்ன அரிச்சந்திரனா?

பிளக்ஸ் பேனர் வந்து திண்டுக்கல் பெயிண்டர்களின் பிழைப்பில் மண்ணள்ளிப் போட்டிருந்த சமயம் அது. ஆல்வின் கடைசியாகத் தீட்டிய காவியம், ஒரு சந்துச் சுவரில் 'இங்கே சிறுநீர் கழிக்காதீர்'. அதையும் யாரும் மதிக்கவில்லை.

அப்போதுதான் நூலகர் நர்கீஸ் அவரைக் கூப்பிட்டு, தெருவைப் பார்த்த சுவரில் ஊர்க்காரர்கள் ஏழு பேரைப் புத்தகமும் கையுமாக வரையச் சொன்னார். யார் யார், அவரவர் கையில் என்ன புத்தகம் என்று ஒரு சீட்டில் எழுதியும் கொடுத்துவிட்டார். பூக்கடை கருப்பணனுக்கு ஜோசியம், அய்யம்மாளுக்குத் தையல் என்று போன சீட்டில், ஏழாவது பெயர் ஆல்வின்.

ஆல்வினுக்குத் தலைகால் புரியவில்லை. "மேடம், எனக்கு உலக ஓவியங்கள்னு ஏதாச்சும் கனமான புத்தகமா போட்டுக்கிறவா?"

"இல்லைங்க. உங்களுக்குக் கோழி வளர்ப்புதான். அட்டையில செகப்புச் சேவல் இருக்கணும்."

கலைஞன் கையில் கோழியா என்று மனசு சுணங்கத்தான் செய்தது. நல்லவேளை, அப்படியொரு புத்தகம் வீட்டில் ஆடுகிற பீரோவுக்கு முட்டுக்கொடுத்துக் கிடந்தது. அதை உருவியெடுத்து, சேவலை அச்சு அசலாக வரைந்துவிட்டார்.

தினமும் நூலகம் திறப்பதற்கு முன்பே வாசலில் வந்து நிற்கும் மலைச்சாமிதான், பாவம், சுவரைப் பார்த்துப் பார்த்து ஏங்கினார். "ஏப்பா ஆல்வின், ஒரு ஓரமா என்னையும் போட்டுவிடேன். இருவது வருசமா வாரேன்ல."

"மேடம் குடுத்த லிஸ்ட்டுல உங்க பேரு இல்லையேண்ணே. அதுக்கெல்லாம் ஒரு தகுதி வேணும்ல" என்றார் ஆல்வின், தன் மூக்குக்கு நிழல் கொடுத்தபடி.

திறப்பு நாளன்று எரியோட்டிலிருந்து மாமனார் சூசைமுத்து வந்திருந்தார். பதினாறு வருஷமாக மருமகனைச் 'செவுத்துல கிறுக்குறவரு' என்றே ஊரெல்லாம் சொல்லித் திரிந்த மனுஷன். அந்த வாயிலிருந்து ஒரே ஒரு நல்ல வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்றுதான், ஆல்வின் பஸ் ஏறிப் போய்க் கையோடு கூட்டிவந்திருந்தார்.

சூசைமுத்து கண்ணாடியைத் துண்டால் துடைத்துப் போட்டுக்கொண்டு, சுவரைச் செத்த நேரம் பார்த்தார்.

"மாப்ள, நானும் உங்கள என்னமோன்னு நெனச்சுப்புட்டேன். ஊருல அம்புட்டுப் பேரு இருக்க, உங்களத் தேடிப் பிடிச்சுப் போட்டிருக்காகன்னா சும்மாவா? மூக்கு மட்டும் யாரோடதுன்னு தெரியல."

மூக்கு கிடக்கட்டும். பதினாறு வருஷத்தில் இதுதான் முதல் தடவை. ஆல்வினுக்குக் கண் கலங்கிவிட்டது.

"இந்தப் படம் எம்புட்டு நாளைக்குத் தாங்கும் மாப்ள?"

"இருவது வருசத்துக்கு அசையாது மாமா" என்றார் ஆல்வின், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

பக்கத்தில் நின்ற நர்கீஸ் பதறிப்போய்த் திரும்பினார்.

"அம்புட்டு நாள் எதுக்குங்கய்யா? எடுத்துட்டுப் போன புத்தகத்த என்னைக்குத் திருப்பிக் குடுக்குறாரோ, அன்னைக்கே வெள்ளையடிச்சிருவோம்!"