மறுப்பு எழுதியவள்

"யாருய்யா அந்த வலைப்பூக்காரன்? அவன் எழுதினதைச் சிட்னி பத்திரிகைக்காரன் பத்தி பத்தியா எடுத்துப் போட்டிருக்கான்!"

மேலாளர் கால்மெட் போட்ட சத்தத்தில், வனுவாட்டுத் தீவுநாட்டின் தலைநகரான போர்ட் விலாவின் அந்த அரசு அலுவலகமே அடங்கிப்போனது.

லெய்மாரா தலையைத் தூக்கவில்லை. எழுதியது அவள்தான். புயலடித்த தீவுக்கென வந்த தண்ணீர்த் தொட்டிகள் துறைமுகக் கிடங்கிலேயே கிடப்பதைப் புனைபெயரில் எழுதியிருந்தாள். உள்ளூரில் நாலு பேர் படித்தால் போதும் என்றுதான் நினைத்தாள்.

"நம்ம ஆபீஸ் ஆளுதான் எழுதுறான்னு மேலிடத்துல சந்தேகம். விசாரிக்க வர்றாங்க." கால்மெட் நேராக அவளிடம் வந்தார். "மறுப்பை நீ எழுது."

"நானா பாஸ்? வில்லி நல்லா எழுதுவானே..."

"அவனுக்கு எழுத்துக்கூட்டவே வராது. நீயே எழுது. பொய்யன், நாட்டு மானத்தை வாங்கினவன்னு காரமா இருக்கணும். கீழ உன் பேரைப் போடு."

"என் பேரையா?"

"பின்ன, என் பேரையா?" என்று பக்கத்து மேசையிலிருந்து வில்லி சிரித்தான்.

வேலையை உதறிவிட்டுப் போக எழுந்தாள். வீட்டிலிருக்கும் பிள்ளைகளை நினைத்து உட்கார்ந்தாள். எழுதிய ஒவ்வொரு வரிக்கும் தன் கன்னத்தில் தானே அறைந்துகொள்வது போலிருந்தது.

மதியம் விசாரணை அதிகாரி வந்து ஒவ்வொருவரையும் குடைந்தார். அவள் முறை வந்ததும் கால்மெட் மறுப்பை நீட்டினார்.

"இவளை என்ன கேக்கப்போறீங்க? அந்தாளைக் கிழிகிழின்னு கிழிச்சதே இவதான்."

அதிகாரி படித்தார், அவளுக்குக் கைகொடுத்துவிட்டுக் கிளம்பினார்.

சாயங்காலம் காவா பானம் விற்கும் கடை வாசலில் நின்றிருந்த கால்மெட்டைப் பார்க்காதது போல் கடந்தாள்.

"கோவமா?"

"உண்மையை எழுதின மனுஷனைத் திட்ட வச்சுட்டீங்களே பாஸ்."

"மனுஷனையா?" அவர் குரலைத் தாழ்த்தினார். "போன மாசம் நீ தீவுக்குப் போனப்போ, குடிக்கத் தண்ணி இல்லேன்னு இளநி வெட்டிக் குடுத்தாளே ஒருத்தி, அவ என் தங்கச்சி. தொட்டி ஏன் வரலேன்னு நீ கேட்டுக் கேட்டுக் குறிச்சுக்கிட்டதை அன்னிக்கே சொல்லிட்டா."

லெய்மாரா திரும்பி அவர் பக்கம் வந்தாள்.

"இனிமே உன்மேல எவனுக்கும் சந்தேகம் வராது. தொட்டி அங்க போய்ச் சேர்ற வரைக்கும் நிறுத்தாம எழுதும்மா."