ஐம்பதாயிரமாவது ஆள்

ஷிண்டானி நீட்டிய தாளைப் பார்த்ததும் கவுன்டரில் இருந்த பெண் மேசைக்கு அடியில் கைவிட்டு மணியை அடித்துவிட்டாள்.

குழந்தையின் பெயரைக்கூட அவள் படிக்கவில்லை. தாளின் தலைப்பில் ‘பிறப்பு’ என்று இருந்தது. அது போதும்.

ஹிசாமோரி பேரூராட்சி அலுவலகத்தில் இருந்த அத்தனை பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். வேறு யாருக்கோ என்று நினைத்து அவன் பின்னால் திரும்பிப் பார்த்தான்.

“உங்களுக்குத்தான் சார். உங்க குழந்தைதான் ஐம்பதாயிரமாவது ஆளு.”

ஐம்பதாயிரம் பேர் இருந்தால் பேரூராட்சி நகரமாகலாம். அந்த எண்ணுக்காகத்தான் ஹிசாமோரி இத்தனை வருடமாகத் தவம் கிடந்தது. பக்கத்து நகரத்துக்காரர்கள் ‘பேரிக்காய்ப் பட்டி’ என்று கேலி செய்வதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போன ஊர். குடிவந்தால் சலுகை, கல்யாணம் செய்தால் விருந்து என்று ஆள் பிடித்துப் பிடித்து, கடைசியில் ஒரே ஒரு தலை குறைவாக வந்து நின்றது. அன்றிலிருந்து பேரூராட்சித் தலைவர் விழாக் கோட்டைக் கழற்றுவதே இல்லை என்று ஊரில் பேச்சு.

ஷிண்டானிக்கு அங்கே இரண்டு வேலை இருந்தது. முதலில் இது, பிறகு இன்னொன்று. அந்த வரிசையில்தான் வாங்குவார்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். நாளைக் காலைக்கு எல்லாம் ஏற்பாடாகிவிட்டது. கவுன்டரை மூடுவதற்குள் இரண்டும் முடிந்தாக வேண்டும்.

“இன்னொண்ணும் இருக்கு...” என்று ஆரம்பித்தான். கைதட்டலில் யார் காதிலும் விழவில்லை.

தலைவர் மாடியிலிருந்து ஓடிவந்தார். அவர் பின்னால் ஊர்ச் சின்னமான பேரிக்காய் வேடம் போட்ட ஊழியர் ஒருவர் கதவில் இடித்துக்கொண்டு வந்தார். கூரையில் தொங்கிய பெரிய பொன்னிற உருண்டையின் கயிற்றை ஷிண்டானியின் கையில் கொடுத்து இழுக்கச் சொன்னார்கள். இழுத்தான். உருண்டை இரண்டாகப் பிளந்து வண்ணக் காகிதம் அவன் தலையில் கொட்டியது.

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் மனசு மரத்துப்போயிருந்தது. நேற்றிலிருந்து யார் எதைச் சொன்னாலும் அதைச் செய்துகொண்டிருந்தான். உட்காரச் சொன்னால் உட்கார்ந்தான். கையெழுத்துப் போடச் சொன்னால் போட்டான்.

“பொண்ணா, தம்பி? பேரு என்ன?” என்றார் தலைவர்.

“கோஹரு.”

வெளியாள் ஒருவரிடம் அந்தப் பெயரை அவன் சொல்வது அதுதான் முதல் முறை.

“அருமையான பேரு. வீட்ல நல்லா இருக்காங்களா?”

“தூங்கிட்டு இருக்கா” என்றான். மனைவிக்கு ஊசி போட்டிருந்தார்கள்.

அந்த ஊரில் பிள்ளை பிறந்தால் எடைக்கு எடை புது அரிசி கொடுப்பது வழக்கம். டாக்டர் எழுதியிருந்த எடையைப் பார்த்து உள்ளே நிறுத்து, துணிப்பையில் கட்டி, பிள்ளையைச் சுற்றுவது போலவே ஒரு சின்னப் போர்வையில் சுற்றி எடுத்து வந்தார்கள்.

“கொஞ்சம் பொடிசுதான்” என்றார் தலைவர், பையைத் தூக்கிப் பார்த்து. “கவலைப்படாதீங்க. என் மூத்தவன் இதைவிடப் பொடிசு. இப்ப வாசல்ல குனிஞ்சுதான் உள்ள வர்றான்.”

எல்லோரும் சிரித்தார்கள். பையை ஷிண்டானியின் கைகளில் வைத்தார்கள். அவன் இடது கை தானாகவே அதன் ஒரு முனைக்கு அடியில் போய் ஏந்திக்கொண்டது.

எடை சரியாக இருந்தது.

படம் எடுத்தார்கள். சிரிக்கச் சொன்னார்கள். சிரித்தான்.

தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு பேசினார். கணக்கெடுப்பு வரைக்கும் இந்த எண்ணைக் காப்பாற்றிவிட்டால் போதும் என்றார். “ஒரு தடவை நகரம் ஆயிட்டா ஆனதுதான். அப்புறம் ஆளு குறைஞ்சாலும் அந்தப் பேரை நம்மகிட்டேருந்து யாரும் பறிக்க முடியாது.”

பிறகு எல்லோரும் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி மூன்று முறை ‘பன்சாய்’ என்று வாழ்த்தி முழங்கினார்கள். ஷிண்டானி மட்டும் கையைத் தூக்கவில்லை. கையில் பை இருந்தது.

கூட்டம் கலைந்தது. தலைவர் மாடிக்குப் போய்விட்டார். பேரிக்காய், தலையைக் கழற்றிவிட்டுத் தண்ணீர் குடித்தது. ஒருவர் காகிதத்தைப் பெருக்க ஆரம்பித்தார். ஷிண்டானி மறுபடியும் ஒரு டோக்கன் எடுத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தான்.

அதே கவுன்டர். அதே பெண். அவள் தலைமுடியில் சிவப்புக் காகிதத் துணுக்கு ஒன்று இன்னும் ஒட்டியிருந்தது.

“இன்னும் போகலையா சார்? எதையாவது மறந்துட்டீங்களா?”

பையை மார்போடு அணைத்துக்கொண்டு, ஒரு கையால் உள்பாக்கெட்டிலிருந்து இரண்டாவது தாளை எடுத்து வைத்தான்.

“தகனத்துக்கு அனுமதி வேணும். நாளைக்குக் காலையில.”

இந்த முறை அவள் பெயரைப் படித்தாள். கோஹரு. பிறந்த தேதி, இறந்த தேதி. இரண்டும் நேற்று.

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். சுவரில் ஐம்பதாயிரம் என்று எழுதித் தொங்கவிட்ட பலகையை ஷிண்டானி பார்த்தான்.

“ஒண்ணு குறைஞ்சிடும், இல்ல? மன்னிச்சுக்குங்க” என்றான்.

அவன் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. பையைக் கீழே வைக்கச் சொல்ல வாயெடுத்தவள், சொல்லாமல் கவுன்டரைச் சுற்றி வெளியே வந்து, அவன் முன் நின்று இரண்டு கைகளையும் நீட்டினாள்.

ஷிண்டானி கொஞ்சம் யோசித்தான். பிறகு கொடுத்தான்.

“தலை இந்தப் பக்கம்” என்றான்.